முதல் தேனீப் பெட்டி வாங்குமுன்

தேனீ வளர்க்க ஆசைப்பட்டு விவரம் கேட்டு வரும் உழவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது பெட்டியின் விலையைத்தான். அடுத்த கேள்வி, ஒரு பெட்டியில் ஆண்டுக்கு எத்தனை கிலோ தேன் கிடைக்கும் என்பது. இவ்விரண்டுக்கும் விடை காணுமுன் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. ஆவணி மாதத்தில் உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்திற்குள் என்ன பூக்கிறது?

தேனைப் பெட்டி தருவதில்லை, பூ தருகிறது. கேட்பதற்கு இது எளிதாகத் தோன்றினாலும், தருமபுரி மாவட்டத்தில் தேனீ வளர்க்கத் தொடங்கி முதல் ஆண்டிலேயே கைவிட்டவர்களில் பலர் இதைக் கணக்கில் எடுக்காதவர்களே. தை மாதத்தில் மாந்தோப்பு பூத்துக் குலுங்குவதைப் பார்த்துப் பெட்டி வாங்குகிறார்கள். ஆடி பிறந்ததும் தேனீக்கள் ஒருநாள் காலை கூட்டத்தோடு எழுந்து போய்விடுகின்றன. வெறும் பெட்டி திண்ணையில் கிடக்கிறது.

கன்னியாகுமரியும் தருமபுரியும்

தமிழ்நாட்டில் தேனீ வளர்ப்பு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மார்த்தாண்டம். 1920களில் அங்கு ஒய்.எம்.சி.ஏ.வின் ஊரகச் சீரமைப்பு மையம் இத்தொழிலைக் குடிசைத் தொழிலாகப் பரப்பியது. இன்றும் பெட்டியும் தேனீக் குடும்பமும் அங்கிருந்து பல மாவட்டங்களுக்குப் போகின்றன. அங்குள்ளவர்கள் சொல்லும் தேன் கணக்கைக் கேட்டால் நமக்கும் ஆசை வருவது இயல்பே. ஆனால் அந்தத் தேனில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அது பூவிலிருந்துகூட அன்று. இரப்பர் மரம் இலையுதிர்த்து மாசி, பங்குனி வாக்கில் புதுத்தளிர் விடும்போது, இலைக்காம்பின் நுனியில், மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் மதுரம் கசிகிறது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே சமயத்தில் இது கசிவதால் தேன் அறைகள் விரைந்து நிரம்புகின்றன.

நம் மாவட்டத்தில் இரப்பர் தோட்டம் கிடையாது. இங்கே தேனீக்குக் கிடைப்பது பலவகை உணவு, சிறுகச் சிறுக. ஆகவே மார்த்தாண்டத்துப் பெட்டியை நாம் தாராளமாக வாங்கலாம். மார்த்தாண்டத்து விளைச்சலை எதிர்பார்க்கக் கூடாது. நல்ல பூவளமுள்ள இடத்தில், ஒழுங்காகக் கவனிக்கப்படும் இந்தியத் தேனீக் குடும்பம் ஒன்று ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ வரை தேன் தரும். முதல் ஆண்டில் அதுவும் கிடைக்காமல் போகலாம். குடும்பம் நிலைத்து நின்றாலே முதல் ஆண்டுக்குப் போதும் என்பது என் கருத்து.

பூக்கணக்கு எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு மாதங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து நான்கு திசையிலும் ஒரு கிலோமீட்டர் நடந்து பார்த்து, எந்த மாதத்தில் எந்த மரம், எந்தப் பயிர், எந்தக் களை பூக்கிறது என்று குறியுங்கள். இந்தியத் தேனீ பெரும்பாலும் இந்தத் தூரத்திற்குள்தான் இரை தேடும். எல்லை உங்கள் வரப்போடு நிற்பதில்லை. பக்கத்து நிலத்துப் புளியமரமும், ஏரிக்கரைப் புங்கமரமும், தரிசு நிலத்து வேலமரமும் உங்கள் தேனீக்குச் சொந்தமே.

நம் பகுதியில் இந்தக் கணக்கு பொதுவாக இப்படி அமையும். புரட்டாசி, ஐப்பசியில் பேயெள் என்னும் உச்செள்ளு பூக்கும். மானாவாரி நிலத்தில் மஞ்சள் விரித்தாற்போல் பூக்கும் இப்பயிர் தேனீக்கு நல்ல விருந்து. இதன் பரப்பு குறைந்து வருவது தேனீ வளர்ப்போருக்கு இழப்புதான். கார்த்திகை, மார்கழியில் கொள்ளு, அவரை, துவரை. தை, மாசியில் காரிமங்கலம், பாலக்கோடு பக்கத்து மாந்தோப்புகள். பங்குனி, சித்திரையில் புங்கமும் வேம்பும். அதைத் தொடர்ந்து ஆனி வரை புளி. பாப்பாரப்பட்டி, பென்னாகரம் வட்டாரங்களில் உள்ள புளியமரங்கள் தேனீ வளர்ப்போருக்குப் பெரிய சொத்து. வத்தல்மலையில் காப்பித் தோட்டம் உள்ளவர்கள், கோடைமழைக்குப் பின் காப்பிச் செடி பூக்கும் அந்தச் சில நாள்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆடியும் ஆவணியும்தான் இடறும் மாதங்கள். புளி ஓய்ந்துவிடும், பேயெள் இன்னும் பூத்திருக்காது. கேழ்வரகும் சாமையும் தேனீக்குப் பெரிதாக உதவுவதில்லை. சோளமும் மக்காச்சோளமும் மகரந்தம் தரும், மதுரம் தருவதில்லை. இந்த மாதங்களில் கைகொடுப்பது தென்னை. ஆண்டு முழுவதும் பாளை விடுவதால் மதுரமும் மகரந்தமும் ஓரளவு எப்போதும் கிடைக்கும். கிணற்றடியில் முருங்கையும் வேலியோரம் ஆமணக்கும் இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் நோட்டில் இரண்டு மாதம் தொடர்ந்து வெறுமையாக இருந்தால் தேனீ வளர்க்கவே கூடாது என்பதில்லை. அந்த இரண்டு மாதமும் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும் என்று பொருள். 200 கிராம் சர்க்கரையை 200 மி.லி. வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, வாரம் ஒருமுறை வைத்தால், எட்டு வாரத்திற்கு ஒரு பெட்டிக்கு 1,600 கிராம் சர்க்கரை ஆகும். இந்தச் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். நான்கு மாதம் வெறுமையாக இருந்தால் பெட்டி வாங்குவதைத் தள்ளிவைத்து, முதலில் வரப்பில் புங்கமும் முருங்கையும் நடுங்கள்.

எந்தத் தேனீ?

நம்மிடையே காணும் தேனீக்களில் மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒரே ஓர் அடை மட்டும் கட்டுபவை. இவற்றைப் பெட்டிக்குள் பழக்க முடியாது. கொசுத்தேனீ கொட்டாது, ஆனால் கிடைக்கும் தேன் மிகச் சொற்பம். பெட்டிக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று இந்தியத் தேனீ. அடுக்குத் தேனீ, பொந்துத் தேனீ என்றும் சொல்வார்கள். மரப்பொந்து, கறையான் புற்று, பாழ்ஞ்சுவர் ஆகிய இருட்டிடங்களில் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும். மற்றொன்று இத்தாலியத் தேனீ. 1962இல் இமயமலை அடிவாரத்து நக்ரோட்டாவில் கொண்டுவந்து நிலைநிறுத்தப்பட்ட இத்தேனீ, வட மாநிலங்களின் கடுகு வயல்களில் மிகுந்த தேன் தருகிறது.

இத்தாலியத் தேனீ இந்தியத் தேனீயைப் போலப் பல மடங்கு தேன் தரும் என்று சொல்லப்படுவது உண்மையே. அதற்கேற்ப உணவும் பல மடங்கு வேண்டும். பூக்கும் இடம் தேடிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகிறவர்களுக்கு அது ஏற்றது. உண்ணித் தொல்லையும் அதற்கு அதிகம். இரண்டு ஏக்கர் நிலமும் வீட்டுத் தோட்டமும் உள்ள உழவருக்கு, பெட்டி ஒரே இடத்தில் இருக்கப்போகிறது என்றால், இந்தியத் தேனீயே பொருத்தம்.

பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

தேனீயைத் தேர்ந்த பிறகுதான் பெட்டி. தேனீ தன் அடைகளுக்கு இடையே நடமாட ஓர் இடைவெளி விட்டுக் கட்டுகிறது. 1851இல் அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத் என்பவர் இந்த இடைவெளியின் அருமையை உணர்ந்து, ஒவ்வோர் அடையும் தனித்தனிச் சட்டத்தில் கட்டப்பட்டு, வேண்டியபோது தூக்கிப் பார்க்கும்படியான பெட்டியைச் செய்தார். அதுவரை தேன் எடுப்பதென்றால் கூட்டை அழிப்பதுதான். நம் நாட்டில் 1880களில் வங்காளத்திலும் பஞ்சாபிலும் சட்டப் பெட்டிகளில் தேனீ வளர்க்க முயன்று அவ்வளவாகப் பலன் காணவில்லை. நம் தேனீ உருவில் சிறியது; அதற்குச் சிறிய பெட்டிதான் வேண்டும். திருச்சியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் அதற்கேற்ற பெட்டியை அமைத்து, 1911 முதல் 1917 வரை தென்னாட்டுக் கிராம மக்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்றும் நாம் பயன்படுத்தும் நியூட்டன் பெட்டி அவர் பெயரால் வழங்குவதே.

நியூட்டன் பெட்டியில் கீழிருந்து மேலாக அடிப்பலகை, புழு அறை, தேன் அறை, உள்மூடி, மேல்மூடி என்று பாகங்கள் உண்டு. புழு அறையில் ஏழு சட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 செ.மீ. நீளமும் 14 செ.மீ. உயரமும் கொண்டது. தேன் அறைச் சட்டம் உயரத்தில் அதில் பாதிக்கும் குறைவு. இத்தாலியத் தேனீக்கான லாங்ஸ்ட்ராத் பெட்டியில் பத்துச் சட்டங்கள். சட்டத்தின் நீளம் இதைப்போல் இரு மடங்கு. அப்பெட்டியில் இந்தியத் தேனீயை விட்டால் அது ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். காலியிடத்தில் மெழுகு அந்துப்பூச்சி குடியேறும்.

வாங்கும் இடத்தில் ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளத் தயங்காதீர்கள். சட்டத்தின் பக்கக் கட்டைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே 7 முதல் 9 மில்லிமீட்டர் இடைவெளி எல்லா இடத்திலும் சீராக இருக்க வேண்டும். அதிகமானால் தேனீ அந்த இடத்தில் குறுக்கடை கட்டிச் சட்டத்தைச் சுவரோடு ஒட்டிவிடும். பிறகு தூக்கும்போது அடை பிய்ந்து தேனீ நசுங்கும். அடுத்தடுத்த இரண்டு சட்டங்களின் நடுவிலிருந்து நடுவரை மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருந்தால் சரி. ஒரு பெட்டியின் சட்டத்தை எடுத்து அடுத்த பெட்டியில் போட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அவ்விரண்டையும் வாங்க வேண்டாம். சட்டம் மாற்ற முடியாத பெட்டியால் பாதிப் பயன் போய்விடும். மெழுகுத் தாள் வாங்கினால், அதில் பதிந்துள்ள அறைகளில் பத்தை வரிசையாக அளந்து பாருங்கள். 5 செ.மீ.க்குள் அடங்கினால் இந்தியத் தேனீக்கு உரியது. அதற்கு மேல் போனால் இத்தாலியத் தேனீக்கு உரியது.

மரம் நன்கு உலர்ந்ததாகவும், கடும் வாடை இல்லாததாகவும் இருக்க வேண்டும். ஈரமரத்தில் செய்த பெட்டி நம்மூர்ச் சித்திரை வெயிலில் கோணி, மூலைகளில் வாய் பிளக்கும். வெளிப்புறம் மட்டும் வெள்ளை வண்ணம் அடிக்கலாம், உட்புறம் கூடாது. உள்ளூர்த் தச்சரிடம் செய்வதானால் ஒரு நல்ல பெட்டியை மாதிரிக்கு வாங்கிக் கொடுங்கள். காகிதத்தில் எழுதிய அளவை நம்பிச் செய்யச் சொல்லாதீர்கள்.

ஒன்று போதாது, ஐந்து வேண்டாம். இரண்டு பெட்டியோடு தொடங்குங்கள். ஒரு குடும்பத்தில் இராணி இறந்துபோனால், மற்றதிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள அடை ஒன்றை எடுத்துக் கொடுத்தால் பணித்தேனீக்கள் புதிய இராணியை வளர்த்துக்கொள்ளும். ஒரே பெட்டி வைத்திருப்பவருக்கு இந்த வழி இல்லை.

தேனீக் குடும்பம் பெறும் வழி

குடும்பத்தை விலைக்கும் வாங்கலாம். நம் ஊரிலேயே பிடிக்கவும் செய்யலாம். வெளியூரிலிருந்து வாங்குவதில் ஓர் அச்சம் உண்டு. தாய்லாந்தில் 1976இல் முதலில் கண்டறியப்பட்ட பைப்புழு நோய் என்னும் நச்சுயிரி நோய், 1991 தொடங்கிக் கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தது. நூற்றுக்கணக்கில் பெட்டி வைத்திருந்தவர்கள்கூட வெறும் மரப்பெட்டிகளோடு நின்றார்கள். இந்நோய்க்கு இன்றும் மருந்து இல்லை. தாங்கி நின்ற குடும்பங்களிலிருந்து பெருக்கித்தான் தொழில் மீண்டது. விலைக்கு வாங்கும்போது புழு அடையை வெளியில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மூடி திறந்த அறைகளில் புழுக்கள் தலையைத் தூக்கியபடி செத்துக் கிடந்து, ஊசியால் எடுத்தால் நீர் கோத்த சிறு பைபோல் வந்தால், அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பெட்டிகூட வாங்காதீர்கள்.

உள்ளூரில் பிடித்த குடும்பம் நம் வெயிலுக்கும் பூவுக்கும் பழகியது என்பதால் நான் அதையே விரும்புவேன். பட்டா நிலத்துக் கறையான் புற்றிலும் பழைய வீட்டுச் சுவரிலும் தேடுங்கள். காப்புக் காட்டுக்குள் போய் எடுக்கக் கூடாது. ஏற்ற காலம் கார்த்திகை, மார்கழி. அப்போது குடியேற்றினால் மா, புங்கம், புளி என்று அடுத்த ஆறு மாதம் உணவுக்குப் பஞ்சமில்லை.

மாலை வெயில் தாழ்ந்ததும் வேலையைத் தொடங்க வேண்டும். முகவலை அணிந்து, புகைப்பானால் சிறிதளவு புகை காட்டி, பொந்தின் வாயை மெல்ல அகலமாக்கி அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுங்கள். புழு உள்ள அடைகளை மட்டும் சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டுங்கள். பொந்தில் மேலே இருந்த பக்கம் சட்டத்திலும் மேலேயே இருக்க வேண்டும். அறைகள் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் தலைகீழானால் பயனில்லை. தேன் உள்ள அடையைப் பெட்டிக்குள் கட்டாதீர்கள். கனத்தால் அறுந்து விழுந்து தேன் ஒழுகும், எறும்பு வரும். பிறகு இராணியைத் தேடுங்கள். நீண்ட வயிறும் குட்டைச் சிறகும் அதன் அடையாளம். இராணி பெட்டிக்குள் போய்விட்டால் மற்றவை தாமே பின்தொடரும். இருட்டும் வரை பெட்டியை அங்கேயே வைத்திருந்து, எல்லாம் அடங்கியபின் வாயிலை மூடி எடுத்து வாருங்கள். முதல் சில நாள் வாயிலில் இராணித் தடுப்பைப் பொருத்தி, இரவில் பாகு வையுங்கள். பணித்தேனீக்கள் பின்னங்கால்களில் மகரந்த உருண்டையோடு சுறுசுறுப்பாக உள்ளே போவதைக் கண்டால் குடும்பம் நிலைத்துவிட்டது என்று அறியலாம். அப்போது தடுப்பை எடுத்துவிடலாம்.

தேனீக்கொட்டு பற்றியும் சொல்ல வேண்டும். கொட்டிய இடத்தில் உள்ள கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தால் போதும், பிடுங்கக் கூடாது. உடம்பெல்லாம் தடித்தாலோ மூச்சு முட்டினாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகவும். அப்படிப்பட்டவர் இத்தொழிலுக்கு வர வேண்டாம்.

வைக்கும் இடமும் பராமரிப்பும்

காலை வெயில் படும்படி, நடுப்பகலில் மரநிழல் இருக்கும்படி, வாயில் கிழக்கு நோக்கி வையுங்கள். மாட்டுக்கொட்டகைக்கும் நடைபாதைக்கும் அருகே வேண்டாம். அருகில் ஒரு மண்சட்டியில் நீர் ஊற்றி, தேனீ உட்கார நாலு கூழாங்கல் போட்டுவையுங்கள். கோடையில் பெட்டியைக் குளிர்விக்கத் தேனீக்கு நீர் மிகவும் தேவை. பெட்டி நிற்கும் தாங்கியின் காலடியில் நீர் நிரம்பிய கிண்ணம் இல்லாவிட்டால் எறும்பு ஓரிரவில் குடும்பத்தை விரட்டிவிடும். கிண்ணத்து நீர் வற்றாமல் பார்ப்பது வீட்டில் ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும்.

வாரம் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். முட்டை இருக்கிறதா, உணவு இருக்கிறதா, அடிப்பலகையில் மெழுகு அந்துப்பூச்சியின் நூலாம்படையும் எச்சமும் தென்படுகிறதா என்று பாருங்கள். கறுத்துப்போன பழைய அடைகளை நீக்கிவிடுங்கள். ஆசைக்கு நாள்தோறும் திறந்து பார்ப்பவரின் பெட்டியில் தேனீ தங்காது.

நம் மாவட்டத்தில் தேனீக்குப் பெரிய ஆபத்து பூச்சிமருந்துதான். மாவில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பதானால் பூ மலருமுன் அடித்துவிட வேண்டும். முழுப்பூவில் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் போன்றவற்றை அடித்தால் தேனீயும் போகும், காய்பிடிப்புக்கு உதவும் ஈக்களும் போகும். தக்காளி உழவர்களுக்கு ஒரு சொல். தக்காளிப் பூவில் தேனீக்கு மதுரம் கிடையாது. தேனீயால் தக்காளி விளைச்சல் கூடும் என்று எண்ணவும் வேண்டாம். ஆனால் அந்த வயல் வரப்பில் பூத்த களைகளுக்குத் தேனீ வரும், மருந்தில் மடியும். அக்கம்பக்கத்தாரிடம் பேசி, எந்த மருந்தானாலும் பொழுது சாய்ந்தபின் அடிக்கச் செய்யுங்கள். பூசணி, பீர்க்கு, பாகல், சூரியகாந்தி ஆகியவை பயிரிடுகிற அயலாருக்கு உங்கள் தேனீயால் காய்பிடிப்பு கூடும் என்பதை எடுத்துச் சொன்னால் அவர்களும் இணங்குவார்கள்.

பங்குனிக்குப் பிறகு தேன் அறை நிரம்பத் தொடங்கும். அடையின் முக்கால் பங்கு அறைகளைத் தேனீ மெழுகால் மூடிய பிறகே எடுக்க வேண்டும். மூடாத தேனில் நீர் மிகுதி. ஈரம் 20 சதத்திற்கு மேற்பட்டால் புளித்துவிடும். கத்தியால் மூடியைச் சீவி, தேன் எடுக்கும் கருவியில் சுழற்றினால் அடை சேதமாகாது. அதை அப்படியே திரும்ப வைக்கலாம். இரண்டு பெட்டிக்காக இக்கருவியை வாங்க வேண்டியதில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்ளலாம். புழு அறையிலுள்ள தேனைத் தொடாதீர்கள். அது ஆடி, ஆவணிக்குத் தேனீ சேர்த்து வைத்தது. கடைசி எடுப்பில் தேன் அறையிலும் ஓரிரு அடைகளை விட்டுவைத்தால் அந்த அளவுக்குச் சர்க்கரைச் செலவு மிச்சம்.

பயிற்சிக்குப் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையிலோ விசாரிக்கலாம். தோட்டக்கலைத் துறையின் திட்டங்களில் பெட்டிக்கு மானியம் கிடைக்கும் ஆண்டுகளும் உண்டு. வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டறியவும். மானியப் பெட்டியானாலும் அளவுகோலை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.